கம்பீரோ சாமியின் மழைக்காலம்

நோங் புவா விகாரை,
நக்கோன் சவான்.
ஜூலை 27

யோம் லமாய்க்கு,

பிக்குவான பிறகு பக்தர்களை ‘யோம்’ என்றுதான் கூப்பிடவேண்டும். கட்டின பெண்டாட்டியும் பக்தர் கணக்கில்தான் சேர்த்தியாம். ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘ஆத்மா’ என்று சொல்லவேண்டும். ஆகவே, ஆத்மா இங்கே சுகம். மத்தியானத்துக்குமேல் ஆத்மாவுக்குப் பசிக்கிறது, அது ஒன்றுதான் குறை. நீ எப்படி இருக்கிறாய்? துக்தாவுக்குக் காய்ச்சல் மறுபடி எட்டிப்பார்க்கவில்லையே? அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா?

கோடையில் இந்த விகாரை வாசலில் நம் கூத்துக் குழு மேடை போட்டிருந்தபோது குழந்தை நெருப்பாய்க் கொதித்தது உனக்கு மறந்திருக்காது. வேடத்தைக்கூடக் கலைக்காமல் புத்தர் முன்னால் போய் விழுந்து, “இவ பொழைச்சா ஒரு மழைக்காலம் முழுக்கக் காவி கட்டுறேன்” என்று வேண்டினேன். பக்கத்தில் விளக்கேற்ற வந்தவர்கள் அதையும் கூத்து என்று நினைத்துச் சிரித்தார்கள். புத்தர் மட்டும் நம்பிவிட்டார்.

தலையோடு புருவத்தையும் சிரைத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. இந்த இரண்டு புருவமும் தனித்தனியாக ஏறி இறங்கித்தானே இத்தனை வருஷம் நமக்குச் சோறு போட்டது. பெரிய சாமி வைத்திருக்கும் பெயர் ‘கம்பீரோ’. ஆழமானவன் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதும் ஊர்த் தலைவர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

விடியற்காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு போகிறோம். முதல் நாள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. ராஜா கத்தியை உருவும்போது பயப்படாத மாதிரி நிற்பேனே, அதே முகம். சோறு போட வந்த பெண்கள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஒரு பையன், “அம்மா, கோப் வேஷம் மாத்திட்டு வந்திருக்கான்” என்றான். கோமாளி வேடத்துக்குக் ‘கோப்’, தவளை, என்று பெயர் வைத்துக்கொண்டு பிழைத்தவன், தவளைகள் கத்தும் மழைக்காலத்தில் மௌனமாக இருக்கப் பார்க்கிறேன்.

என் இடத்தில் யார் ஆடுகிறார்கள்? குழுவை நடத்தும் அண்ணன் வேறு ஆள் பார்த்துவிட்டாரா? சும்மா கேட்டேன்.

புத்தர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

கம்பீரோ


ஆங் தோங்.
ஆகஸ்ட் 6

கம்பீரோ சாமிக்கு, கைகூப்பி லமாய் எழுதுவது.

பெயரை எழுதும்போதே சிரிப்பு வந்து மை சிந்திவிட்டது. பாவம் சேராமல் இருக்க மன்னித்து ஆசி கூறவும்.

துக்தா நன்றாக இருக்கிறாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறாள். முன்பல் விழுந்துவிட்டது. அம்மாவுக்கும் சுகம்தான். பிக்குவாக இருந்து வராத ஆண்பிள்ளை பழுக்காத காய் என்று நம் கல்யாணத்திலிருந்து உங்களைக் குத்திக்கொண்டிருந்தாளே, இப்போது தெருவெல்லாம் போய், “எங்க மாப்பிள்ளை பழுத்துட்டாரு” என்கிறாள். மாம்பழக்காரியிடம்கூடச் சொன்னாள். எந்த ரகம் என்று அவள் கேட்டாளாம்.

என் பிழைப்பு பழைய பிழைப்புதான். நேற்றுச் சந்தையில் ஒரு அம்மா எனக்கு வெள்ளரிக்காய் விற்கமாட்டேன் என்று கூடையை மூடிக்கொண்டாள். “அந்தச் சின்ன ராணியை எதுக்குடி கெணத்துல தள்ளுனே? பிள்ளைத்தாச்சின்னு தெரியாது உனக்கு?” என்று சண்டைக்கு வந்தாள். கெட்டவள் வேடம் போட்டுப் போட்டு எனக்கு வெள்ளரிக்காய்கூட இல்லாமல் போயிற்று.

மழைக்காலம் என்றாலும் வேண்டுதல் கூத்துகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் இடத்தில் அண்ணன் இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தார். ஒருத்தன் தான் சொன்னதற்குத் தானே சிரித்தான். இன்னொருத்தன் வாயைத் திறந்ததும் மேடைக்கு முன்னால் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று. கடைசியில் உள்ளூரிலேயே ஒரு ஆள் கிடைத்துவிட்டது. கவலை வேண்டாம்.

கதையையும் அண்ணன் கொஞ்சம் மாற்றிவிட்டார். முதல் காட்சியிலேயே என்னைப் பாம்பு கடித்துவிடுகிறது. எனக்கு வேலை குறைவு, உடம்புக்கும் நல்லது.

மத்தியானத்துக்குள் நன்றாகச் சாப்பிடவும்.

பக்தை லமாய்


நோங் புவா விகாரை.
ஆகஸ்ட் 15

யோம் லமாய்க்கு,

உன் கடிதம் சுகமாய் வந்து சேர்ந்தது. ஆத்மாவும் அதேபோல் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மணிக்கணக்கில் மடக்கி உட்காருவதால் வலிக்கிறது. அம்மாவுக்கு என் ஆசியைச் சொல். அவளுக்கு நான் ஆசி சொல்லும் காலமும் வந்துவிட்டது.

யார் அந்த ஆள்? ‘ஒரு ஆள் கிடைத்துவிட்டது’ என்று எழுதினால் போதுமா? பெயர் என்ன, எந்தக் குழுவில் இருந்தார், ஒல்லியா குண்டா? ஆத்மா பொறாமைப்படவில்லை. பொறாமை மனதின் அழுக்கு என்று பெரிய சாமி சொல்கிறார். அழுக்கில்லாமல் கேட்கிறேன். என்னைவிட நன்றாகச் செய்கிறாரா?

புலிக் காட்சியை அவர் தொடவேண்டாம் என்று அண்ணனிடம் சொல். மனப்பாடம் செய்து சொன்னால் அது சரியாக வராது.

போன வாரம் ஐஸ்கட்டி வியாபாரி உவான் செத்துப்போனார். துறைக்குப் பக்கத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் சம்லியின் வீட்டுக்காரர். ஓதுவதற்கு எங்கள் நால்வரைக் கூப்பிட்டார்கள். என் முகத்தைப் பார்த்ததும் வரிசையாக உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, ஓதும்போது பிக்குகள் முகத்துக்கு முன்னால் விசிறியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு முறையை வைத்தானோ, எனக்காகவே வைத்திருக்கிறான். ஓதி முடித்தபிறகும் நான் விசிறியை இறக்கவில்லை. பக்கத்தில் இருந்த சாமி இடித்தார். “கையி மரத்துப்போச்சு, சாமி” என்றேன். அவர் தோளும் குலுங்கியது. இறந்தவர் மன்னிப்பாராக.

இரவில் படுத்தால் கூரையில் மழைச் சத்தம் கைதட்டல் மாதிரி கேட்கிறது. எழுந்து உட்கார்ந்து தியானம் செய்கிறேன்.

பல் விழுந்த இடத்தைத் துக்தா நாக்கால் தொடாமல் பார்த்துக்கொள். எல்லோருக்கும் நல்லதே நடக்கட்டும்.

கம்பீரோ


ஆங் தோங்.
ஆகஸ்ட் 27

சாமியின் பாதத்தில் வணக்கம்.

முழங்காலுக்கு அம்மா எண்ணெய் கொடுத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு வருகிறது. எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் தொண்டை கரகரக்கிறது. இஞ்சிச் சாறு குடிக்கிறேன்.

புது ஆளின் பெயர் உங். ஆமாம், குண்டுத் தவளை என்று அர்த்தம் வரும் அதே உங்தான். அண்ணன் வைத்த பெயர். உங்களைவிடக் குட்டை, உங்களைவிடச் சதை. முன்னால் எந்தக் குழுவிலும் இந்த வேலை செய்ததில்லை. முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் வழக்கம்போலக் கிரீடமும் சரிகையும் போட்டுக்கொண்டு, நாட்டை இழந்த சோகப் பாட்டைப் பாடினார். ரசிகைகள் மாலை போட வரிசையில் நின்றார்கள். அப்போது உங் ஜனங்களைப் பார்த்து, “நம்ம இளவரசர் நாட்டை விட்டுட்டாரு, நகையை விட்டுட்டாரு, சொந்தபந்தத்தை விட்டுட்டாரு. இந்தத் தொப்பையை மட்டும் எவ்வளவு சொல்லியும் விட மாட்டேங்குறாரு” என்று சொல்லிவிட்டது.

கொட்டகை அதிர்ந்தது. அண்ணனுக்கு முகம் சிவந்து போயிற்று. ஆனால் அடுத்த ஊருக்கு வந்தபோது, “அந்தத் தொப்பையைச் சொல்லிடு, மறந்துடாதே” என்று அவரே நினைவுபடுத்தினார்.

நன்றாகச் செய்கிறாரா என்று அழுக்கில்லாமல் கேட்டீர்கள். அழுக்கில்லாமல் சொல்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் அளவுக்கு இல்லை. புலிக் காட்சியைத் தொடவில்லை.

ரசிகைகள் இப்போது உங்குக்கும் மாலை போடுகிறார்கள். அதைப் பார்த்து எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

துக்தா தன் தலையையும் மொட்டை அடிக்கச் சொல்கிறாள். அப்பாவைப் போல அவளும் கம்பீரோ ஆகவேண்டுமாம்.

கும்பிடும் லமாய்


நோங் புவா விகாரை.
செப்டம்பர் 6

யோம் லமாய்க்கு,

எண்ணெய் வந்தது. முழங்கால் தேவலை. உன் தொண்டை எப்படி? அவ்வளவு பாட்டு இல்லாத சமயத்தில் தொண்டை ஏன் கட்டுகிறது?

சம்லியைப் பற்றி எழுதியிருந்தேனே, ஐஸ்காரரின் மனைவி. நேற்று அன்னதானம் கொண்டுவந்தாள். பெரிய சாமி தூங்கப் போயிருந்தார். கூடத்தில் நானும், கணக்குப் பார்க்கும் கிழவரும், நாய்களும்தான். பாத்திரங்களை வைத்துவிட்டு அவள் போகாமல் உட்கார்ந்துகொண்டாள்.

“சாமி, ஒரேயொரு தடவை அந்த மூஞ்சியைக் காட்டுங்களேன்” என்றாள்.

“கூடாது, யோம்.”

“கூடாதுன்னு தெரியும். கேட்டுப் பாத்தேன்.” பாத்திர மூடி ஒன்றை எடுத்துத் துடைத்தாள். பிறகு, “எங்க வீட்டுக்காரரு வருஷா வருஷம் உங்க கூத்தைப் பாத்துட்டு வந்து என்னைத் தூங்க விட மாட்டாரு. நான் கடையைப் போட்டுட்டு எங்க வர? அவரு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனா அவருக்குச் சொல்லவே வராது, சாமி. அந்தப் புலிக் கதை இருக்குல்ல?”

இளவரசன் காட்டில் படுத்துக்கொண்டு, புலி வந்தால் எழுப்பு என்கிறான். “நான் எழுப்பணுமா, இல்ல புலியே எழுப்பிக்குமா?” என்று நான் கேட்பேன். அவ்வளவுதான் அந்தக் கதை.

“அவரு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, ‘புலியே எழுப்பிக்குமாம்டி’ன்னு ஆரம்பிச்சுடுவாரு. எது எழுப்பும், எதுக்கு எழுப்பும், ஒண்ணும் புரியாது. அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு, ‘இரு, அதுக்கு முன்னால ஒரு காடு இருக்கு’ம்பாரு. கொஞ்சம் கழிச்சு, ‘காட்டுல ஒரு இளவரசன் இருக்கான், அதைச் சொல்லலியா நானு?’ம்பாரு...”

அவளால் மேலே சொல்ல முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. கணக்குக் கிழவரும் சிரித்தார். நான் ஒன்றுமே செய்யவில்லை, லமாய். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புருவம்கூட இல்லை. அந்தச் சிரிப்பு என்னுடையது இல்லை. கதையைத் தலைகீழாய்ச் சொன்ன ஒரு மனுஷனை அவள் எவ்வளவு நேசித்தாள் என்பதே அங்கே சிரிப்பாக வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அதை நான்தான் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனபிறகு முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே யோசித்தேன். மேடையில் இருந்தால் மூன்றாம் வரிசையில் சிரிக்காத ஒருத்தன் நிச்சயம் இருப்பான். கூட்டம் முழுதும் சிரித்தாலும் அவன் முகம்தான் வீடுவரை என்னோடு வரும். இங்கே அப்படி யாரும் என்னோடு வருவதில்லை.

புது ஆள் நன்றாகச் செய்வதில் சந்தோஷம். அப்படியானால் அண்ணனுக்கு அவசரம் இருக்காது. ஆத்மாவுக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்.

கம்பீரோ


ஆங் தோங்.
செப்டம்பர் 15

சாமிக்கு, லமாய் வணங்கி எழுதுவது.

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. என் தொண்டை சரியாகிவிட்டது.

சம்லி அம்மாள் கதையைப் படித்து நானும் அம்மாவும் அழுது சிரித்தோம். நான்கு முறை படிக்கச் சொன்னாள் அம்மா. பிறகு, “மாப்பிள்ளை இவ்ளோ பேசுவாரா?” என்று கேட்டாள்.

அதைத்தான் நானும் நினைத்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால்கூட இந்தக் கடிதங்கள் அளவுக்கு வராது. ஊரைச் சிரிக்கவைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வீர்கள். குழம்பு எப்படி என்று கேட்டால் ‘ம்’. துக்தா பாட்டுப் பாடிக் காட்டினால் ‘ம்’. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த மனுஷன் மிச்சம் வைப்பதே இல்லை என்று நான் மனசுக்குள் வைதிருக்கிறேன்.

உங் சொல்கிற ஒன்று என்னவென்றால், கூத்து முடிந்தால் தாடை வலிக்குமாம். உள்ளே இருந்ததையெல்லாம் யாரோ வழித்து எடுத்துக்கொண்ட மாதிரி இருக்குமாம். வீட்டில் குழந்தை ஏதாவது கேட்டால்கூடப் பதில் சொல்ல வாய் வராதாம். அதைக் கேட்டபிறகு உங்களை வைததற்காக வருத்தப்பட்டேன்.

‘அவசரம் ஒன்றும் இல்லை’ என்று எழுதியது எனக்குப் புரியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் காவியைக் களைந்துவிட்டு வருவதுதானே பேச்சு? எந்தத் தேதி என்று பெரிய சாமியைக் கேட்டு எழுதவும்.

லமாய்


ஆங் தோங்.
செப்டம்பர் 30

கோப் அவர்களுக்கு,

சாமி என்று எழுத இன்றைக்கு மனசு வரவில்லை. வழியில் தண்ணீர் வந்து தபால் நின்றுவிட்டதா என்று தபால்காரரைக் கேட்டேன். “எங்கயும் நிக்கலியே, அக்கா” என்றார்.

உடம்புக்கு முடியவில்லையா? முடியவில்லை என்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமே. நன்றாக இருந்துகொண்டே எழுதவில்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பழுத்த பழம் மறுபடி மரத்திலேயே இருக்கப் பார்க்கிறது.

வேண்டாம் என்று நான் தடுத்தால் எனக்குப் பாவம். தெரிந்துதான் இருக்கிறது. என்ன நினைக்கிறீர்கள் என்று சொன்னால் போதும். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

துக்தா தினமும் வாசலில் நின்று தபால்காரரைப் பார்க்கிறாள்.

லமாய்


நோங் புவா விகாரை.
அக்டோபர் 5

லமாய்க்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன்னைக் கவலையில் வைத்ததுதான் சரியில்லை. பலமுறை எழுத உட்கார்ந்தேன். ‘ஆத்மா’ என்று தொடங்கினால் பொய் மாதிரி இருந்தது. ‘நான்’ என்று தொடங்கினால், அவன் யார் என்று தெரியவில்லை.

சம்லி வந்துபோன மறுநாள் பெரிய சாமி என்னைக் கூப்பிட்டார். “கம்பீரோ, மழை முடிஞ்சதும் போயிடுவியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இருக்கணும்னு தோணுச்சுன்னா இரு. இடம் இருக்கு” என்றார். அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கே நன்றாக இருக்கிறது, லமாய். காலையில் முற்றம் பெருக்குகிறேன். இலை விழுகிறது, பெருக்குகிறேன், மறுபடி விழுகிறது. அது விழுந்ததற்கு யாரும் கைதட்டுவதில்லை, பெருக்கியதற்கும் இல்லை. ஜனங்கள் இப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். சோறு போட்டுக் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். முதலில் கடையை மூடிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அது பெரிய ஓய்வாகத் தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. என் வேலையை நன்றாகச் செய்ய ஒரு ஆள் இருக்கிறார். வீட்டிலோ, நீயே எழுதியபடி, நான் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். பிறகு நான் எங்கே தேவை?

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. மௌனமாய் இருக்க வந்த இடத்தில் எனக்கு உன்னிடம் பேசத் தோன்றுகிறது. நடந்ததையெல்லாம் நடக்கும்போதே, ‘இதை லமாய்க்கு எப்படி எழுதுவேன்’ என்று நினைத்துக்கொள்கிறேன். தியானத்தில்கூட. பெரிய சாமியிடம் சொன்னேன். “அது ஒரு எண்ணம். வரும், போகும்” என்றார். வருகிறது, போகத்தான் மாட்டேன் என்கிறது.

என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. இதுதான் உண்மை. நீ கிழித்த தாளில் என்ன இருந்தது?

இன்னொரு செய்தி. மழைக்கால முடிவுத் திருவிழாவுக்கு ஊர்த் தலைவர் ஒரு லிக்கே கூத்துக் குழுவைப் பேசி முடித்துவிட்டார். யார் என்று கேட்டேன். “யாரோ ஒரு தொப்பை இளவரசன் குழு” என்கிறார்.

துக்தாவிடம் அப்பா எழுதிவிட்டார் என்று சொல்.

விசியன்


ஆங் தோங்.
அக்டோபர் 11

விசியன் என்று சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டவருக்கு,

எல்லோரும் நலம். கடிதம் வந்ததும் துக்தா அதைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கெஞ்சி வாங்கிப் படித்தேன்.

ஆமாம், நம் குழுதான் வருகிறது. ஒரே இரவு ஆடிவிட்டு விடிவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பவேண்டும், அங்கேயும் வாக்குக் கொடுத்தாயிற்று. உங்களை வந்து பார்க்க நேரம் இருக்காது. பிக்கு கூத்துப் பார்க்கக்கூடாது என்பது விதி. அறையை விட்டு வெளியே வரவேண்டாம். ஜன்னலையும் சாத்திக்கொள்ளவும். புண்ணியம் கெட்டுவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

கிழித்த தாளைப் பற்றி இப்போது கேட்கவேண்டாம்.

இருக்க வேண்டும் என்று தோன்றினால் இருங்கள். நான் கொட்டகையில் விழுந்து புரண்டு அழமாட்டேன். அந்த வேலையைத்தான் பாம்பு கடித்த நாளோடு விட்டுவிட்டேனே. ஆனால் வீட்டில் நீங்கள் இருந்ததும் இல்லாததும் ஒன்று என்று நான் எழுதவே இல்லை. மறுபடி எடுத்துப் படித்துப் பார்க்கவும்.

லமாய்


நோங் புவா விகாரை.
அக்டோபர் 23

என் லமாய்க்கு,

நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? வண்டியில் துக்தா தூங்கினாளா? நான் நலம். இப்படி நலமாக இருந்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

விதியை நான் மீறவில்லை. கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காதைச் சாத்த முடியவில்லை. தாளமும் மத்தளமும் தொடங்கியதும் கால்விரல் தானாக ஆடியது. அதன்மேல் போர்வையைப் போட்டேன். உன்னைப் பாம்பு கடித்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். அண்ணன் பாடினார். பிறகு உங் வந்தது. இளவரசனுக்கு மூட்டை தூக்கும் பணிப்பெண் ஒருத்தி, கட்டைக் குரல். பெண்ணா என்று ஆச்சரியப்பட்டேன். அடுத்த சொல்லுக்கு முன்னால் மூக்கை லேசாக உறிஞ்சினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபத்தை அடக்கிக்கொண்டு என்னிடம் ஏதாவது சொல்ல வரும்போது நீ அப்படித்தான் உறிஞ்சுவாய். உங் நீயேதான்.

அப்புறம் நீ சொன்னாய். “இளவரசே, என் கதையைக் கேக்குறீங்களா? என் புருஷன் சாமியாராப் போயிட்டாரு. வீட்டுல இருந்த வரைக்கும் வாயே திறக்க மாட்டாரு. அப்ப நான் அதைத் திமிருன்னு சொன்னேன். இப்ப விகாரையிலயும் வாயே திறக்கறதில்லையாம். இங்க அதுக்கு மௌனம்னு பேரு வெச்சு ஊரே கும்புடுது. சோத்தை வாங்கிக்கிட்டு எல்லாருக்கும் ராகமா ஆசி ஓதுறாராம். பன்னெண்டு வருஷம் நானும்தான் சோறு போட்டேன். எனக்கு ஒரு வரி ஓதுனாரா?”

திடல் முழுக்கச் சிரித்தது. இந்த ஊரில் யாரைச் சொல்கிறாய் என்று தெரியாதவர் யார்? நானும் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மூன்றாம் வரிசையில் யார் சிரிக்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. பொறாமை வரும் என்று எதிர்பார்த்து ஓரமாய்க் காத்துக்கூட இருந்தேன். வரவில்லை. உன் குரலில் இருந்த சந்தோஷத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்டவளாக நீ ஆடிய இத்தனை வருஷத்தில் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

பெரிய சாமியின் அறை பக்கத்து அறை. சுவரைத் தட்டினார்.

“கம்பீரோ, அந்தப் பொண்ணு உன்னையா சொல்லுது?”

“ஆமா, சாமி.”

மறுபடி சுவரைத் தட்டினார். பிறகு, “அப்ப போயி அந்தச் சோத்துக்கு முதல்ல ஆசி ஓது” என்றார்.

நீ கிழித்த தாளில் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது. என்னிடம் சொல்லப் பயந்தாய். நான் திரும்பி வந்தால் மறுபடி கிணற்றில் ஆள் தள்ளப் போகவேண்டும் என்று பயந்தாய். போகவேண்டாம். மாலை உனக்கு, உங் வேடம் உனக்கு. நான் வருகிறேன். கெட்டவள் வேடம் காலியாகத்தானே கிடக்கிறது? பாம்புக்கடிக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கச் சொல், அண்ணனிடம். ஜனங்கள் என்னைத் திட்டட்டும். சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். படுத்தால், நீ தலையில் ஒரு குட்டு வை.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை காவியைக் களைய நல்ல நேரம் என்று பெரிய சாமி குறித்துக் கொடுத்திருக்கிறார்.

உன் புருஷன்


ஆங் தோங்.
அக்டோபர் 27

சனிக்கிழமை காலை வரைக்கும் சாமியாக இருப்பவருக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தோம். எல்லோருக்கும் சளி, யாருக்கும் கவலையில்லை.

ஜன்னலைச் சாத்தச் சொன்னேனே தவிர, நீங்கள் கேட்டுவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். எந்த வேண்டுதல் பலித்தது என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் சின்ன ராணியைக் கெணத்துல தள்ளுனா ஜனம் அழுவுமா சிரிக்குமா?” என்றார். “ரெண்டும் செய்யட்டுமே, அண்ணா” என்றேன். “ரெண்டும் செஞ்சா நான் எப்பப் பாடுறது?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் சாயங்காலமே தையல்காரரைக் கூப்பிட்டு, என் பழைய பச்சைப் பாவாடையை நீளமாக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல ஏற்பாடு செய்கிறாள். வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறு ஒரு கூடை. சம்லி அம்மாளுக்குத் தனியாக ஒரு கட்டு. அவளை நான் பார்க்கவேண்டும்.

பிக்குவாக இருக்கும் வரைக்கும் அப்பாவைத் தொடக்கூடாது என்று துக்தாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. “சனிக்கிழமை தொடலாமா? எப்பலேருந்து தொடலாம்?” சட்டை போட்டதும் தொடலாம் என்று சொல்லியிருக்கிறேன். சட்டையைத் தானே தூக்கிவருவதாகச் சொல்லி இப்போதே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளையா, பூப்போட்டதா, எது வேண்டும் என்று உங்களைக் கேட்கச் சொன்னாள்.

பதில் எழுதவேண்டாம். நேரில் சொல்லுங்கள்.

லமாய்